லிண்டலும் லித்தியமும்

கம்பியில்லா டிரில் வாங்குவது என்று ஒருவர் முடிவுசெய்துவிட்ட பிறகு, வீட்டில் அப்படி என்னதான் வேலை இருக்கிறது என்று அவரைக் கேட்கக் கூடாது. கேட்டால் வண்டவாளம் வெளியே வந்துவிடும். ஹால் ஜன்னலுக்கு ஸ்கிரீன் ராடு மாட்ட வேண்டும், அவ்வளவுதான். அதைச் செய்துதர எலக்ட்ரீஷியன் தெருமுனையிலேயே இருக்கிறார். "நாளைக்குக் காலையில வந்துடறேன் சார்" என்று வாக்கும் கொடுத்துவிட்டார். அவருடைய நாளைக்கும் நம்முடைய நாளைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் உலகத்துப் பவர் டூல் கம்பெனிகள் எல்லாம் பிழைக்கின்றன.

அந்த இடைவெளியை நான் யூடியூபில் கழித்தேன். அதில் வரும் அமெரிக்கர்கள் ஒருவருக்கும் நம் மேஸ்திரியைத் தெரியாது என்பது சீக்கிரமே புரிந்துவிட்டது. அவர்கள் வீட்டுச் சுவர், மரச்சட்டத்தின் மேல் ஜிப்சம் பலகையை அறைந்தது. ஒரு கையில் காபிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் துளை போட்டுவிட்டுப் போகிறார்கள். நம் வீட்டில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மேலே சிமென்ட் பூச்சு. அதுகூடப் பரவாயில்லை. ஸ்கிரீன் ராடு மாட்ட வேண்டிய இடம் ஜன்னலுக்கு நேர் மேலே. மேஸ்திரி கம்பி கட்டி, கான்கிரீட் கொட்டி லிண்டல் போட்டிருப்பதும் ஜன்னலுக்கு நேர் மேலே. ஆக, எந்த வேலைக்காக டிரில் வாங்குகிறோமோ அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அது செய்யும்.

டிரில்லின் கழுத்தில் சுத்தியல் படம் போட்ட ஒரு நிலை உண்டு. அதற்குத் திருப்பினால், உள்ளே பல்வெட்டிய இரண்டு தகடுகள் ஒன்றையொன்று உரசிக் குதிக்கும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் குட்டிக் குட்டித் தட்டல்கள். செங்கல் அதற்கு மசியும். கருங்கல் ஜல்லி மசியாது. நம் தோள்பட்டைதான் மசியும். எலக்ட்ரீஷியன் தூக்கிக்கொண்டு வரும் ஹேமர் மெஷின் வேறு ரகம். உள்ளே ஒரு பிஸ்டன் காற்றை அமுக்க, அந்த அமுக்கத்தில் ஒரு இரும்புத்துண்டு பாய்ந்து பிட்டின் பின்மண்டையில் அறைகிறது. நாம் பிடித்துக்கொண்டு நின்றால் போதும்.

இதையெல்லாம் மச்சினனிடம் விளக்கினேன். "என்ன மாமா, நாசா கண்டுபிடிச்ச மெஷின் உங்க வீட்டு லிண்டல்ல ஓட்டை போடாதா?" என்றான்.

நாசா கண்டுபிடிக்கவில்லை. பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனி 1961-லேயே நிக்கல் காட்மியம் பேட்டரி போட்ட டிரில்லைக் கொண்டுவந்துவிட்டது. நாசா அவர்களிடம் பிற்பாடுதான் போனது. 1971-ல் அப்போலோ 15-ல் போன டேவிட் ஸ்காட், பேட்டரி டிரில்லை வைத்துக்கொண்டு நிலாவைத் துளைத்தார். வெப்பம் அளக்கும் கருவியை இறக்க 3 மீட்டர் ஆழம் வேண்டும் என்று திட்டம். ஏறக்குறையப் பாதியிலேயே இறுகி நின்றுவிட்டது. மேஸ்திரி அங்கேயும் லிண்டல் போட்டிருக்கிறார்.

இத்தனையும் தெரிந்தேதான் பாரிமுனைக்குப் போனேன். லிங்கி செட்டித் தெருவில் கடைக்காரர் முதலில் கேட்டது, "தொழிலுக்கா சார், வீட்டுக்கா?" வீட்டுக்கு என்றதும் அவர் முகம் கனிந்தது. பையனைப் பார்த்துத் தலையசைத்தார். 108 பீஸ் பெட்டி இறங்கியது.

அந்த எண்ணைப் பார்த்ததுமே என் மனைவி செருப்பைக் கழற்றப் போனாள். பெட்டியைத் திறந்தால் டிரில் ஒரு மூலையில் ஒடுங்கியிருக்கிறது. மற்றதெல்லாம் பரிவாரம். ஒரு டேப், பப்பாளியை உடைக்கக்கூடத் தெம்பில்லாத ஒரு சுத்தியல், ஐம்பது பிளாஸ்டிக் பிளக்குகள், வரிசை வரிசையாகப் பிட்டுகள். அதில் பாதி நட்சத்திர வடிவம். அந்த வடிவத்தில் ஒரு திருகு எங்கள் வீட்டில் மட்டுமல்ல, எங்கள் வம்சத்திலேயே கிடையாது. அவள் எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதுல எதுங்க ஓட்டை போடும்?" என்றாள். கடைக்காரருக்கு அது பிடிக்கவில்லை. பெட்டி மூடிக்கொண்டது.

அடுத்தது வோல்ட். ஒரு பெட்டியில் 18, பக்கத்துப் பெட்டியில் 20. "இருபதுதான் சார் பவர் ஜாஸ்தி" என்றான் பையன். இரண்டையும் பிரித்துப் பார்த்தால் உள்ளே வரிசைக்கு ஐந்து லித்தியம் செல்கள்தான் இருக்கும். ஒரு செல்லுக்கு 3.6 என்று சராசரிக் கணக்குப் போட்டால் 18. சார்ஜரிலிருந்து எடுத்த சூட்டோடு, செல்லுக்கு 4 என்று கணக்குப் போட்டால் 20. அதே ஐந்து செல். எப்போது அளந்தோம் என்பதுதான் வித்தியாசம். பேர் தெரியாத பெட்டிகளில் 48 என்றுகூடப் போட்டிருக்கிறது. உள்ளே பெரும்பாலும் அதே பஞ்சபாண்டவர்கள்தான்.

உண்மையில் கடையில் விற்பது டிரில் அல்ல, பேட்டரி. மெஷினை மட்டும் தனியாகக் கேட்டால் சல்லிசாகக் கிடைக்கிறது. இரண்டு பேட்டரியும் சார்ஜரும் சேர்ந்ததும் விலை மச்சுக்கு ஏறிவிடுகிறது. அந்தப் பேட்டரி இன்னொரு கம்பெனி மெஷினில் ஏறாது. பள்ளம் வேறு, மேடு வேறு, கொக்கி வேறு. ஒரு கம்பெனி பேட்டரியை வீட்டுக்குள் விடுவது அந்த வீட்டில் சம்பந்தம் வைத்துக்கொள்கிற மாதிரி. அப்புறம் கிரைண்டர், மர ரம்பம், தூசி ஊதும் மெஷின் என்று எது வந்தாலும் அந்த வகையறாவிலிருந்துதான் வர வேண்டும். நடுவில் நமக்கு வேறு நிறம் பிடித்துப்போனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். ஜெர்மனியில் மெட்டாபோவும் இன்னும் சில கம்பெனிகளும் 2018-ல் கூடிப் பேசி, ஒரே பேட்டரியைப் பொதுவாக வைத்துக்கொண்டார்கள். பெரிய மனுஷத்தனம். லிங்கி செட்டித் தெருவில் அந்தக் கலப்புத் திருமணம் இன்னும் பேச்சளவில்கூட இல்லை.

அமெரிக்காவிலிருந்து கொண்டுவரச் சொல்லலாமே என்று தோன்றும். எங்கள் மாடி வீட்டுக்காரருக்கு அவர் மகன் அப்படிக் கொண்டுவந்தான். டிரில் லக்கேஜில் போக வேண்டும், உதிரி பேட்டரி கைப்பையில் வர வேண்டும் என்பது விமான விதி. இரண்டையும் பிரித்துப் பத்திரமாகத்தான் கொண்டுவந்து சேர்த்தான். சார்ஜரைத் திருப்பிப் பார்த்தால் 120 வோல்ட். நம் ஊர்ச் சுவரில் வருவது 230. இப்போது டிரில்லைவிடக் கனமான ஒரு டிரான்ஸ்ஃபார்மரைத் தரையில் வைத்து, அதிலிருந்து சார்ஜருக்கு ஒரு வயர், அதற்கு எட்டாமல் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்று ஹாலில் தாண்டித் தாண்டி நடக்கிறார்கள். கம்பியில்லாக் கருவிக்கு!

கடைசியில் நான் எடுத்தது 18 வோல்ட், சுத்தியல் நிலை உள்ளது, 2 ஆம்பியர் அவர் பேட்டரி இரண்டு. பிரஷ்லெஸ் மோட்டார் வேண்டாம் என்றேன். கார்பன் பிரஷ் தேயாது என்பதுதான் அதன் பெரிய பெருமை. வருஷத்துக்கு நாலு ஓட்டை போடுகிற வீட்டில் கார்பன் தேய்வதற்குள் பேத்திக்குக் கல்யாணம் ஆகிவிடும். மிச்சமான காசில் கார்பைடு முனை வைத்த நல்ல பிட்டாக 6 மில்லிமீட்டரில் இரண்டு வாங்கினேன். இலவசமாக வரும் பிட்டு செங்கல்லைக் கண்டதுமே மழுங்கிவிடும். வாங்குகிறவர்கள் கவனிக்காத ஒன்று, கழுத்தைச் சுற்றி எண் போட்ட அந்த வளையம். ப்ளைவுட் அலமாரிக் கீலுக்குத் திருகு முடுக்கும்போது ஐந்திலோ ஆறிலோ வைத்தால், திருகு உட்கார்ந்ததும் கரகரவென்று சத்தம் போட்டு விலகிக்கொள்ளும். திருகின் தலை பிழைக்கும். டிரில் விலையில் உண்மையிலேயே வீட்டுக்கு உதவுகிற பாகம் அதுதான் என்பேன்.

மாமியார் மட்டும் அசரவில்லை. "உங்க மாமனார் உளியும் சுத்தியலும் வெச்சே சுவரைக் கொத்தி மரக்கட்டை அடிச்சிடுவார் மாப்ளே" என்றார். அடித்தார்தான். அந்தக் கட்டையைச் சுற்றி ஒரு சாண் பூச்சு பெயர்ந்து, அதை மறைக்கத்தான் ஊருக்கெல்லாம் தினசரி காலண்டர் தேவைப்பட்டது.

வைக்கும் இடம் அடுத்த பிரச்சினை. லித்தியத்துக்கு வெயில் ஆகாது. மே மாதத்தில் மொட்டை மாடிக்குக் கீழே பரணில் போட்டுவைத்தால் ஆயுள் குறையும். சூடான பேட்டரியைச் சார்ஜரில் செருகினால், ஆறட்டும் என்று அதுவே விளக்கை மினுக்கிக்கொண்டு சும்மா இருக்கும். ஏசி இருப்பது படுக்கையறையில் மட்டும். ஆகவே பேட்டரி இரண்டும் பாதி சார்ஜோடு பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு இடது பக்கம் வாசம் செய்கின்றன. ஆயுத பூஜையன்று அம்மா டிரில்லுக்குச் சந்தனம் வைத்து, குங்குமத்தைச் சரியாக எல்இடி விளக்கின் மேல் வைத்துவிட்டாள். அதிலிருந்து நான் துளை போடுகிற இடமெல்லாம் செக்கச்செவேலென்று தெரிகிறது.

மதியம் இரண்டிலிருந்து நாலு வரை டிரில் சத்தம் கூடாது என்று அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் விதி இருக்கிறது. மற்ற நேரங்களில் "அங்கிள், அஞ்சு நிமிஷம்" என்று அது மாடி மாடியாகப் போய்வருகிறது. திரும்பி வரும்போது டிரில் இருக்கும், சார்ஜ் இருக்காது.

எலக்ட்ரீஷியனும் ஒருநாள் வந்தேவிட்டார். ஏணியில் ஏறி, ஹேமர் மெஷினால் லிண்டலில் நாலு துளை போட்டார், அந்த நாலுக்கும் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பிளக்கைச் செருகிவிட்டு மேலிருந்தபடியே கையை நீட்டினார். "சார், உங்க சின்ன மெஷினைக் குடுங்க. இதால ஸ்க்ரூ முடுக்க முடியாது."

கொடுத்தேன். வளையத்தைத் தானாகவே ஆறில் வைத்தார். திருகுகள் சமர்த்தாக உட்கார்ந்தன.

"பாதி வேலை என் மெஷின்தானே செஞ்சுது? கூலியில கொஞ்சம் குறைச்சுக்கலாமே" என்றேன்.

"ஏணியும் உங்களுதுதான் சார்," என்றார் இறங்கியபடி, "அதுக்கு ஏதாவது குறைச்சேனா?"