பின்பாட்டுப் பாடும் பாறை

கேள்வி: பாறையைக் குடைந்து அமைத்த சித்தன்னவாசல் அறிவர் கோயில் கருவறையில் நின்று ‘ம்ம்ம்’ என்றால் அறையே முழங்குகிறதே! பாறைக்குள் யாராவது ஒளிந்திருக்கிறார்களா?

பதில்: பாடுவது நீங்கள், பின்பாட்டுத்தான் பாறை! ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடும். தணிந்த ஆண் குரல் நொடிக்கு 115 தடவை அதிர்ந்தால், அலையின் நீளம் ஏறத்தாழ 3 மீட்டர். அந்தச் சதுர அறையின் அகலமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். சுவரில் முட்டித் திரும்பும் அலை, புதிதாக வரும் அலையோடு தாளம் தப்பாமல் சேர்கிறது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் உயரப் போகுமே, அதே கதைதான். கருங்கல்லோ ஒலியை அவ்வளவாக விழுங்காது.

மீதி வேலை உங்கள் காதில். செவிப்பறை அதிர, சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று குட்டி எலும்புகள் அந்த அதிர்வைக் கைமாற்றுகின்றன. அங்கவடி எலும்பு அரிசி மணியைவிடச் சிறியது, சுமார் 3 மில்லிமீட்டர்! அது தட்டியதும் நத்தைச் சுருளுக்குள் திரவம் அலையும். மயிரிழைச் செல்கள் சாயும். மூளைக்கு மின்செய்தி பறக்கும்.

அடுத்த முறை சுருதியை மெல்ல ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஓரிடத்தில் பாறை ‘ஆமாம்’ போடும். கருவறைக்கு முன்னுள்ள மண்டபக் கூரையின் தாமரைக் குள ஓவியத்தை மட்டும் கண்ணால் தொடுங்கள், கையால் வேண்டாம்.