கைலாசத்துச் செடியும் அக்கினித் தலமும்

"மலையடிவாரத்துல இருக்கீங்க, குளுகுளுன்னு இருக்குமே!" திருவண்ணாமலைக்காரர்கள் வெளியூர் உறவினரிடமிருந்து தவறாமல் கேட்கும் வாழ்த்து இது. சித்திரை வெயிலில், உச்சிப்பொழுதில், அந்த உறவினர்களைக் கிரிவலப் பாதையில் வெறுங்காலோடு நிறுத்திவிட்டால் போதும். வாழ்த்து தானாக வாபஸ் ஆகும்.

வீட்டுக்குள்ளேயே அந்தக் கட்சி உண்டு என்பது ஊட்டி நர்சரியில்தான் தெரிந்தது. தரையோடு படர்ந்து, குட்டிக் குட்டி இளஞ்சிவப்பு உருண்டைகளாகப் பூத்திருந்தது ஒரு செடி. "பெர்சிகேரியா கேபிடேட்டா. இமயமலைச் செடி" என்றார் நர்சரிக்காரர்.

"நம்ம ஊரும் மலையூர்தானேங்க?" என்றாள் மனைவி.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். எங்கள் அண்ணாமலையோ உச்சியிலேயே 800 மீட்டரைக் கொஞ்சம்தான் தாண்டும். அந்த உச்சியிலும் கார்த்திகைக்குக் கொப்பரை வைத்து நெருப்புதான் ஏற்றுகிறோம். கைலாசத்தில் பனிமேல் உட்கார்ந்திருப்பவரே இந்த ஊருக்கு அக்கினியாகத்தான் வந்தார். சாண் உயரச் செடி என்ன வேஷம் போட்டுக்கொண்டு வரும்?

இந்தச் செடியை நேபாளத் தாவர நூலில் டேவிட் டான் 1825இல் பதிவு செய்தார். 1802இல் நேபாளம் போய்ச் செடிகளைச் சேகரித்த பிரான்சிஸ் புக்கானன் ஹாமில்டன்தான் அவருக்கு முன்னோடி. அதற்கு முன், 1800இல், மதராஸிலிருந்து மைசூருக்கு வெயிலில் பயணம் போனவரும் இவரே. இரண்டு ஊரையும் பார்த்தவர். நேபாளச் செடியை மொட்டைமாடிக்குக் கொண்டுவரும் யோசனை அவருக்கு வரவில்லை. என் மனைவிக்கு வந்தது.

எங்கள் மாடியில் அதற்குப் பச்சை நிழல்வலை, ஃப்ரிட்ஜ் தண்ணீர், மதியத்துக்கு மண்ணில் ஐஸ்கட்டி. எனக்கு மோர் கேட்டால், "பானையில தண்ணி இருக்கே" என்ற பதில். மாமியார் ஒருநாள் எட்டிப் பார்த்து, "தலைப்பிரசவத்துக்கு வந்தவளைக்கூட நான் இப்படிப் பார்த்துக்கலடி" என்றார். அக்னி நட்சத்திரம் பிறந்தது. செடி சிவலோகப் பதவி அடைந்தது. இதே செடிதான் ஹவாய்த் தீவுகளில் யாரும் கூப்பிடாமலே பரவி, களை என்று பெயர் வாங்கியிருக்கிறது!

சமவெளி வாசகர்களே, மலைச்செடியை மலைக்கே போய்ப் பாருங்கள். அந்தச் செடியின் குடும்பத்துப் பூதான் வேண்டுமென்றால் கொடிரோஸ் இருக்கிறது. மெக்சிகோக்காரி, நம் வெயில் அவளுக்குத் தாய்வீடு. ஆனால் யோசித்து வையுங்கள்: மண்ணுக்குள் கிழங்கு இருக்கும்வரை, வெட்ட வெட்டத் துளிர்ப்பாள்.