எஞ்சின் இல்லாத காருக்கு எத்தனை சிசி?

மூக்கண்டப்பள்ளியில் என் வீட்டுத் திண்ணைக்கு வருஷத்தில் இரண்டு முறை கூட்டம் வரும். ஜூலையில் வருமான வரிக் கணக்கு எழுத. ஜனவரியில் எந்த ரசீதை எங்கே காட்டுவது என்று கேட்க. முப்பது வருஷம் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவன் என்பதற்காக ஊர் எனக்குக் கொடுத்த பதவி இது. சம்பளம் கிடையாது. சீசனில் மாம்பழம் உண்டு.

2025 நவம்பரில், மாம்பழமும் இல்லாமல் ரசீதும் இல்லாமல் மச்சினன் வந்து நின்றான். எலெக்ட்ரானிக் சிட்டியில் பெரிய உத்தியோகம், ஓசூரில் அடுக்குமாடி வீடு, இரண்டுக்கும் நடுவே அத்திப்பள்ளி டோல்கேட்டில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிற ஆயுள். கையில் வழவழப்பான ஒரு கையேடு. அட்டையில் பச்சை மலை, நீல வானம், சிரிக்கிற குழந்தை, அதன் பின்னால் ஒரு மின்சாரக் கார். அந்த மாதிரி வானத்தை ஓசூரில் கடைசியாக எப்போது பார்த்தோம் என்பதை சிப்காட் வருவதற்கு முன் பிறந்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

“மாமா, கம்பெனி மூலமா லீஸ்ல எடுத்தா லாபமா, நானே பேங்க் லோன் போட்டு வாங்கினா லாபமா? பூமியக் காப்பாத்தற திட்டம்னு ஹெச்.ஆர்.ல மீட்டிங் போட்டுச் சொன்னாங்க. சமோசாகூடக் கொடுத்தாங்க.”

“பூமியக் காப்பாத்த எந்த கிரேடு வேணுமாம்?”

கையேட்டின் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. மேலாளரும் அதற்கு மேலும். உதவி மேலாளருக்குப் பூமியைக் காக்கும் பக்குவம் இன்னும் வரவில்லை. கேட்டில் நிற்கிற செக்யூரிட்டிக்கும் கேன்டீனில் தட்டு கழுவுகிற அம்மாவுக்கும் அது வாய்க்க இன்னும் சில பிறவிகள் ஆகலாம்.

திட்டம் இதுதான். காரை வாங்குவது ஒரு லீஸ் கம்பெனி. அதை வாடகைக்கு எடுப்பது மச்சினனின் கம்பெனி. ஓட்டுவது மச்சினன். வாடகை கொடுப்பதும் மச்சினன்தான். அவன் சம்பளத்திலிருந்து, வரி போடுவதற்கு முன்பாகவே, பிடித்துக்கொள்வார்கள். ஆக, அவன் காசில் அவன் ஓட்டும் காரைக் கம்பெனி அவனுக்கு ‘வழங்குகிறது’. வழங்குதல் என்ற சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு என்று அகராதிக்காரர்கள் குறித்துக்கொள்ளட்டும்.

கம்பெனி வழங்கும் கார் ஒரு சலுகை. சலுகைக்கும் வரி உண்டு. அதை எப்படி மதிப்பிடுவது என்று அப்போதைய வருமான வரி விதிகளில் மூன்றாம் விதி சொன்னது: ஆபீஸ் வேலைக்கும் சொந்த வேலைக்கும் சேர்த்து ஓடுகிற வண்டி, ஓட்டும் செலவும் கம்பெனியுடையது என்றால், எஞ்சின் 1.6 லிட்டருக்குள் இருந்தால் மாதம் 1,800 ரூபாய். அதற்கு மேற்பட்டால் 2,400. டிரைவர் இருந்தால் கூட ஒரு 900. இந்த எண்கள் 2009 டிசம்பரில் அறிவித்தவை. அதன் பிறகான பதினாறு வருஷத்தில் ராயக்கோட்டைத் தக்காளி எத்தனையோ முறை ஏறி இறங்கியிருந்தது. பெரிய மனிதர்களின் கார் மட்டும் 1,800 ரூபாயில் கண்மூடித் தியானத்தில் இருந்தது.

சரி, மின்சாரக் காருக்குத்தான் எஞ்சினே கிடையாதே, அது எந்த வகை? அந்த விதியில் அதற்கென்று ஒரு சொல்லும் இருக்கவில்லை. கணக்காளர்கள் உட்கார்ந்து யோசித்தார்கள். எஞ்சின் இல்லை என்றால் சிசி பூஜ்யம். பூஜ்யம் 1.6-ஐவிடச் சிறியது. ஆகவே அரைக் கோடி ரூபாய் மின்சாரக் காரும் சின்ன எஞ்சின் வண்டிதான், போடு 1,800. வயிறே இல்லாதவனை அரைச் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார வைத்த கதை. பந்தியில் உட்கார்ந்தவன் என்னவோ முழு விருந்தும் சாப்பிடுகிறான்.

பென்சிலை எடுத்தேன். மாத வாடகை 40,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டேன். அதில் வரிக்கு உட்படுவது 1,800. மீதி 38,200-க்கு வரி இல்லை. மச்சினன் 30 சதவீதப் படியில் இருக்கிறான்; செஸ் சேர்த்தால் 31.2. மாதம் 11,918 ரூபாய் மிச்சம். வருஷத்துக்கு 1,43,000. நாலு வருஷ லீஸ் முடியும்போது 5,72,000. இந்தக் காசு வானத்திலிருந்து விழவில்லை. கஜானாவுக்கு வராமல் போன காசு. ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவர் வாங்கும் சோப்பிலும் ஒரு பங்கு போய் விழுகிறதே, அதே கஜானா. சோப்பு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. குளிக்கிற சோப்புக்கும் மின்சாரக் காருக்கும் இப்போது ஒரே ஜி.எஸ்.டி., 5 சதவீதம். அந்த இடத்துக்கு வந்து சேர சோப்பு 2025 செப்டம்பர் 22 வரை காத்திருந்தது. கார் 2019 ஆகஸ்டிலேயே வந்து கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்டது.

தானே வாங்கினால் என்ன கிடைக்கும் என்பது மச்சினனின் அடுத்த கேள்வி. கிடைத்துக்கொண்டிருந்தது. 2019 பட்ஜெட்டில் 80இஇபி என்றொரு பிரிவு வந்தது. மின்வண்டி வாங்கக் கடன் எடுத்தவர், அந்த வட்டியில் வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். காரோ ஸ்கூட்டரோ, மேலாளரோ மெக்கானிக்கோ, யாராக இருந்தாலும். முக்கிய நிபந்தனை, 2023 மார்ச் 31-க்குள் கடன் அனுமதியாகியிருக்க வேண்டும். அந்தத் தேதி வந்தது, போனது. நீட்டிக்கவில்லை. இன்றைக்குத் தன் பேரில், தன் கடனில், தன் முடிவில் வாங்குகிறவனுக்கு வரித் துறை தருவது வாழ்த்து மட்டும். அதையும் தபாலில் அனுப்புவதில்லை. பாரத ஸ்டேட் வங்கி 2019-ல் பசுமைக் கார் கடன் என்று ஆரம்பித்து வட்டியில் 0.20 சதவீதம் குறைத்தது. 15 லட்சம் கடனுக்கு முதல் வருஷத்தில் அது மூவாயிரம் ரூபாய்கூடத் தேறாது. அங்கே 1,43,000, இங்கே மூவாயிரத்துக்குள். இரண்டும் பசுமைதான். ஒன்று தென்னந்தோப்பு, மற்றது பாத்திரம் கழுவுகிற இடத்தில் தானாக முளைத்த கீரை.

இதில் இன்னொரு கூத்தைச் சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. புதிய வரி முறை வந்தபோது, எளிமை எளிமை என்று சொல்லி, வாத்தியார் கட்டும் எல்.ஐ.சி. பிரீமியத்தைக் கழிவிலிருந்து தூக்கினார்கள். வாடகை வீட்டுக்காரர் காட்டும் வாடகை ரசீதைத் தூக்கினார்கள். குழந்தையின் பள்ளிக் கட்டணத்தைத் தூக்கினார்கள். கார் லீஸை மட்டும் தொடவில்லை. ஏனென்றால் அது கழிவே இல்லையாம், மதிப்பீடாம். ஏழைக்குக் கொடுத்தால் இலவசம், நடுத்தரத்துக்குக் கொடுத்தால் சலுகை, மேலே இருப்பவருக்குக் கொடுத்தால் மதிப்பீடு. தமிழ் இலக்கணத்தில் ஆகுபெயர் என்று ஒன்று படித்தோமே, அதை இவ்வளவு லாபகரமாகப் பயன்படுத்தியவர்கள் வேறு யாரும் இல்லை.

பிரிட்டனிலும் இதே மாதிரிச் சம்பளப் பிடித்தக் கார்த் திட்டம் கொடிகட்டிப் பறக்கிறது. அங்கேயும் மேல்சம்பளக்காரனுக்குத்தான் கொழுத்த லாபம். வெள்ளைக்காரன் யோக்கியன் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மின்காரின் விலையில் இத்தனை சதவீதம் என்று வைத்திருக்கிறார்கள். 2 சதவீதமாக இருந்தது 2025 ஏப்ரலில் 3 ஆனது. 2026 ஏப்ரலில் 4. விலை ஏறினால் வரியும் ஏறும். இல்லாத எஞ்சினுக்குள் டேப் வைத்து அளக்கும் வித்தை அவர்களுக்குக் கைவரவில்லை.

இவ்வளவும் நடப்பது எந்த மண்ணில் என்று பாருங்கள். டி.வி.எஸ்.சின் ஐகியூப் ஓசூரில் தயாராகிறது. ஏத்தர் ஸ்கூட்டர் ஓசூரில். சிம்பிள் எனர்ஜி சூளகிரியில். போச்சம்பள்ளியில் 500 ஏக்கரில் ஓலா; பத்தாயிரம் பெண்களே முழுக்க நடத்தப்போகும் தொழிற்சாலை என்று 2021 செப்டம்பரில் அதற்கு அறிவிப்பு வந்தது. டி.வி.எஸ். 50-இல் பால் கேனும் கோழிக்கூடையும் கட்டிப்போன மாவட்டம் இன்று நாட்டுக்கே மின்ஸ்கூட்டர் செய்து அனுப்புகிறது. செய்கிற கைகள் வாங்கக்கூடிய வண்டி எது? ஸ்கூட்டர். அந்த ஸ்கூட்டருக்கு என்ன நடந்தது? 2021 ஜூனில் மத்திய அரசின் மானியம் ஒரு கிலோவாட் மணி பேட்டரிக்கு 15,000 ரூபாய். 3 கிலோவாட் மணி வண்டி என்றால் 45,000. 2023 ஜூனில் 10,000 ஆக்கி, விலையில் 15 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று கடிவாளம் போட்டார்கள். 2024-ல் 5,000, வண்டிக்கு அதிகபட்சம் பத்தாயிரம். 2025-26 நிதியாண்டில் 2,500, அதிகபட்சம் 5,000. தொழில் சொந்தக் காலில் நிற்க வேண்டுமாம், அதனால் ஊன்றுகோலைப் பிடுங்குகிறார்களாம். நியாயம். ஆனால் பிடுங்கியது ஸ்கூட்டரின் கையில் இருந்ததை மட்டும். நாலு சக்கரமும் உறுதியாகத் தரையில் நிற்கிற கார் மாதாமாதம் சம்பளச் சீட்டு வழியாகத் தாங்கிப் பிடிக்கப்படுகிறது.

மச்சினன் பொறுமையிழந்தான். “அதெல்லாம் விடுங்க மாமா. எனக்கு எது லாபம்?”

லீஸ்தான் லாபம். சொல்லும்போது நாக்கு கசந்தது. முப்பது வருஷம் கணக்கு எழுதியவன் பென்சில் காட்டியதை மறைக்க முடியாது. ஆனால் கையேட்டின் பின்பக்கத்துப் பொடியெழுத்தையும் வாசித்துக் காட்டினேன். ஆர்.சி.யில் அவன் பெயர் இருக்காது. கம்பெனி இருப்பது கர்நாடகத்தில், ஆகவே கே.ஏ. பதிவெண். நிறுத்திவைப்பது ஓசூரில். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் பதிவை மாற்றிக்கொள்ள வேண்டும் என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு. மாற்ற வேண்டியவர் உரிமையாளர். உரிமையாளர் எங்கோ ஒரு கண்ணாடி மாளிகையில் இருக்கிறார். ஜூஜூவாடியில் கைகாட்டி நிறுத்தினால் பதில் சொல்ல வேண்டியவன் மட்டும் இவன். அவன் மேலதிகாரி 28 லட்ச ரூபாய் வண்டிக்கு ஆசைப்படுகிறாராம். 25 லட்சத்துக்கு மேற்பட்ட மின்காருக்குக் கர்நாடகம் 2024 முதல் 10 சதவீத ஆயுள் வரி போடுகிறது, 2,80,000 ரூபாய். தமிழ்நாட்டில் அப்போது முழு விலக்கு. எல்லைக்கு இந்தப் பக்கம் பிறந்திருந்தால் அந்தக் காருக்கு வரியே இல்லை. எல்லையோரத்தில் ஜாதகம் பார்க்க வேண்டியது மனிதர்களுக்கு மட்டுமல்ல.

அடுத்து, வேலையை விட்டால்? லீஸை முன்கூட்டியே முடிக்கும் கட்டணம். அல்லது மீதித் தொகையைக் கட்டி வண்டியை எடுத்துக்கொள்ள வேண்டும். வேலையிலிருந்து கம்பெனியே அனுப்பிவிட்டால்? அதே கட்டணம். வேலை போன அன்றைக்கு வீட்டில் சொல்ல வேண்டிய செய்தி ஒன்றல்ல, இரண்டு.

மாதச் சம்பளத்தில் பிடிக்கிறார்கள், பாக்கி தீரும்வரை போக முடியாது, போனால் மொத்தமாக வை என்கிறார்கள். இந்த மாவட்டத்துக் கல்குவாரிப் பக்கம் இதற்கு முன்பணம் என்று பேர். 1976-லேயே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது என்பதால் அங்கே அதிகாரிகள் போய் மீட்டு, சான்றிதழ் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொள்வார்கள். இரண்டையும் ஒப்பிடுவது பாவம், எனக்கும் தெரியும். கல்லுடைக்கிறவன் வாங்கியது பிள்ளையின் ஜுரத்துக்கு; என் மச்சினன் வாங்குவது சன்ரூஃபுக்கு. ஆனால் முடிச்சு போடும் விரல்களின் லாவகம் ஒன்றுதான். ஒருவனுக்குச் சணல் கயிறு, ஒருவனுக்குப் பச்சை நம்பர் பிளேட்.

மச்சினன் கையெழுத்துப் போட்டுவிட்டான். போடாமல் என்ன செய்வான்? அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. வருஷம் 1,43,000 ரூபாயை வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு நானும் மகாத்மா இல்லை. நேர்வழியில் வாங்க வருகிறவனிடம் கதவைச் சாத்திவிட்டு, முதலாளியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தால் மட்டும் உள்ளே விடுகிற அந்த வாசல்காரன்மேல்தான் கோபம். குடிமகனாக வந்தால் ஒன்றுமில்லை; ஊழியனாக வா, அதுவும் உயர்ந்த ஊழியனாக வா என்கிறான்.

மச்சினனோடு இந்தப் பேச்சு நடந்தபோது மாடி ரூமில் குடியிருக்கும் பெண் படியிறங்கி வந்தாள். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பெண். ஒரே ரூமில் ஐந்து பேர். ஒரு ஸ்கூட்டர் கம்பெனியில் காண்ட்ராக்ட்டில் வேலை. ஒரு ஷிஃப்டில் எத்தனை வண்டிக்கு பேட்டரி மாட்டுகிறாள் என்பதை விரல் நுனியில் வைத்திருப்பாள். அவளிடம் வண்டி கிடையாது. கம்பெனி பஸ்தான். இரண்டாம் ஷிஃப்டுக்குக் கிளம்பியவள் மேஜைமேல் கிடந்த கையேட்டின் அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பெரியப்பா, ஸ்கூட்டர் ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கேன். இந்த மாதிரித் திட்டத்துல எனக்கு எவ்ளோ மிச்சமாகும்?”

சம்பளத்தைக் கேட்டேன். சொன்னாள். வருஷத்துக்கு 12 லட்சம் வரை வரி இல்லை என்று அறிவித்திருக்கும் நாட்டில் அவள் வருமானம் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. வரி இல்லாதவளுக்கு எதில் விலக்கு கொடுப்பது? கால்குலேட்டரைத் தட்டி எழுப்பினேன். அழுத்துவதற்கு ஒன்றும் இல்லை. விடை ஏற்கனவே திரையில் நின்றுகொண்டிருந்தது.

தெருமுனையில் ஷிஃப்ட் பஸ் ஹாரன் அடித்தது. “நாளைக்குச் சொல்லுங்க பெரியப்பா” என்று ஓடினாள்.