எட்டில் ஒரு பங்கு நியாயம் கேட்டு ஒரு மனு

அனுப்புநர்:
இடது கதவு மூடாத கார் ஒன்றின் உரிமையாளர்,
சுந்தரபாண்டியபுரம், தென்காசி மாவட்டம்.

பெறுநர்:
தலைமை இயக்குநர் அவர்கள்,
இந்திய தர நிர்ணய அமைவனம்,
மானக் பவன், புது தில்லி.

பொருள்: பெரிய அளவு பிளாஸ்டிக் கார் கிட்டுகள் – பெட்டியில் போட்ட அளவும் உள்ளே இருக்கும் அளவும் ஒத்துவராமை – தரம் நிர்ணயிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் ஊர்ப் பெயர் தங்களுக்குத் தெரிந்திருக்காது, ஊரைப் பார்த்திருப்பீர்கள். 1992-ல் வந்த ‘ரோஜா’வில் எங்கள் தெருவும் வயலும் உண்டு. 2005-ல் வந்த ‘அந்நியன்’ படத்துக்காக இங்கே பாறைகளுக்குப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள். இன்றைக்கும் அதற்கு ‘அந்நியன் பாறை’ என்றுதான் பெயர். குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்கள் வண்டியைத் திருப்பி இங்கேயும் வந்து செல்ஃபி எடுத்துக்கொண்டு போகிறார்கள். பாறையில் வரைந்த முகத்தில் மூக்கு கொஞ்சம் கோணியிருக்கிறதே என்று இதுவரை ஒருவரும் மனுப் போட்டதில்லை. பாறை எந்த அளவுக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. அதனால் கேட்கவும் முடியாது.

என் கார்ப் பெட்டி வாக்குக் கொடுத்தது. மேலட்டையில் கொட்டை எழுத்தில் 1:8 என்று போட்டிருந்தது. அதாவது நாலு மீட்டர் கார் அரை மீட்டராக வரும். கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை; வழக்கு நடத்த எனக்கு வசதி போதாது. சிவப்பு நிறம், இரண்டு கதவு, திறந்து மூடும் பானட், திருப்பினால் திரும்பும் ஸ்டியரிங். மூடவேண்டியவற்றில் இடது கதவு மட்டும் மூடவில்லை.

தென்காசியில் டிங்கர் கடை வைத்திருக்கும் சொந்தக்காரத் தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுக் கேட்டார்: “அண்ணாச்சி, வண்டி எங்க போயி இடிச்சுது?”

“இடிக்கலப்பா. இன்னும் பொறக்கவே இல்ல.”

பையிலிருந்து இடுக்கு அளக்கும் ஃபீலர் கேஜை எடுத்தார். கதவின் முன்பக்க இடுக்கில் ஒரு மில்லி. பின்பக்கத்தில் ஒரு தகடு போதவில்லை. தகடு தகடாகச் சேர்த்துச் சொருகிக்கொண்டே போனார். மூணு மில்லி. “எட்டால பெருக்குங்க, அண்ணாச்சி. இருபத்தி நாலு மில்லி. எங்கிட்ட இப்படி ஒரு வண்டி வந்தா இன்சூரன்ஸ்காரவ டோட்டல் லாஸ்னு எழுதிருவாவ.”

ஐயா, இந்த இடத்தில்தான் தங்கள் அலுவலகம் நினைவுக்கு வந்தது. 2020-ல் வந்த பொம்மைத் தரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அதற்கான தரம் ஐ.எஸ். 9873. அதில் ஒரு சோதனை உண்டு: 31.7 மி.மீ. விட்டமுள்ள உருளை ஒன்றுக்குள் ஒரு துண்டு முழுசாக அடங்கினால், அது மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் கையில் போகக் கூடாது. பிள்ளை உயிர் விஷயம். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாகப் பிரித்து அளந்திருக்கிறீர்கள். கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் நான் அறுபதைத் தாண்டியவன். கார் பாகம் எதையும் விழுங்கும் உத்தேசம் எனக்கு இல்லை. விலையைத்தான் விழுங்க முடியவில்லை.

விலை என்றதும் இன்னொன்று. சுங்க அட்டவணையில் 9503 என்ற தலைப்பின்கீழ் மூன்று சக்கர சைக்கிள், மரப்பாச்சி, புதிர் அட்டை ஆகியவற்றோடு அளவு மாடல்களையும் ஒரே பாயில் உட்கார வைத்திருக்கிறார்கள். பொம்மைக்கான இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70. தங்கள் தரமோ, கட்டி முடித்தபின் விளையாட்டுக்கு உதவாத மாடல் கிட் எனக்குச் சம்பந்தமில்லை என்று எல்லை வகுத்து ஒதுங்கிக்கொள்கிறது. ஆக, வரி வாங்கும்போது பொம்மை; தரம் பார்க்கும்போது பொம்மையே அல்ல. நேரான கதவுக்கும் 70 சதவீதம், கோணல் கதவுக்கும் 70 சதவீதம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பொருத்தம் அபாரம்.

கம்பெனிக்காரன் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக், டை எனும் அச்சுக்குள் சூடாக இறங்கி ஆறும்போது சுமார் அரை சதவீதம் சுருங்கும். ஐம்பது சென்டிமீட்டர் பாடிக்கு அது இரண்டரை மில்லி. டை வெட்டுகிறவர் அதைக் கணக்கில் சேர்த்துத்தான் வெட்டுவார். ஆனால் கனமான இடம் மெதுவாகவும் மெல்லிய இடம் சீக்கிரமாகவும் ஆறினால், பாகம் தன் இஷ்டத்துக்கு முறுக்கிக்கொள்ளும். சின்னக் காரில் பாடி ஒரே துண்டு. முறுக்கினாலும் கண்ணுக்குத் தெரியாது. பெரிய காரில் கதவு தனி, பானட் தனி, மட்கார்டு தனி. ஒவ்வொன்றும் தனித்தனியாக முறுக்கிக்கொண்டு வந்து கூடுகின்றன. போதாததற்கு, டையிலிருந்து கழன்று வர வேண்டுமே என்று செங்குத்துச் சுவரைக்கூடக் கொஞ்சம் சரித்துத்தான் வெட்டுவார்கள். தகடு சமாச்சாரம் இன்னும் வேடிக்கை. நிஜக் காரின் தகடு முக்கால், ஒரு மில்லி கனம். எட்டில் ஒரு பங்கு என்றால் காகிதம். அப்படி வார்க்க முடியாது என்பதால் என் கதவு இரண்டு மில்லி கனத்தில் இருக்கிறது. திருப்பிப் பெருக்கினால் 16 மில்லி. அப்படி ஒரு கதவை நிஜக் காரில் மாட்டினால் எல்லைக்கு அனுப்பலாம்.

எண்ணே பொருளுக்குப் பின்னால் வந்து சேர்ந்த கதையும் உண்டு. ஜப்பானின் டமியா கம்பெனி 1961-ல் பாந்தர் டாங்கி ஒன்றைச் செய்தது. உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்கவேண்டும் என்று அளவை வைத்தார்கள். பிறகு அளந்து பார்த்தால் சுமார் 1:35. அதுவே உலகமெங்கும் ராணுவ மாடல்களின் அளவானது. பேட்டரி பிரசவித்த அளவு! அதே டமியாதான் 1976-ல் 1:12 போர்ஷே 934 செய்தபோது, சந்தேகம் தீராமல் நிஜ போர்ஷே 911 ஒன்றையே விலைக்கு வாங்கிக் கழற்றிப்போட்டு அளந்தது. மனமிருந்தால் அதுவும் நடக்கும். இத்தாலியின் போச்சர் 1:8-ல் செய்த ரோல்ஸ் ராய்ஸில் 2,000 பாகங்களுக்கு மேல். கட்டினவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது பசையைவிட அரத்தைத்தான் அதிகம் பேசுகிறார்கள்.

நம் நாட்டுக்காரனுக்கு இதெல்லாம் பெரிதா என்று தாங்கள் கேட்கலாம். 2014 வரை உத்தரபாராவில் அம்பாசடர் செய்த நாடு. கதவு இடுக்கில் மழைத்தண்ணீர் வராவிட்டால்தான் சந்தேகப்படுவோம். அது நிஜக் கார், ஐயா. ஓடியது. என் கார் ஓடாது. பார்ப்பதற்கு மட்டுமே பிறந்த ஒன்று பார்க்கவும் லாயக்கில்லை என்றால் என்ன செய்வது?

விளக்கப் புத்தகமும் தன் பங்குக்குப் படுத்துகிறது. “காற்றோட்டமான இடத்தில் பெயின்ட் அடிக்கவும்” என்கிறது. காற்றோட்டத்துக்கு எங்களுக்கு என்ன பஞ்சம்? செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆடிக்காற்று இறங்கினால் காற்றாலை சுற்றும். மொட்டைமாடியில் காயவைத்த பானட்டைச் சூரியகாந்தித் தோட்டத்துக்குள் போய்ப் பொறுக்கினேன். சரி, வீட்டுக்குள் அடிப்போம் என்றால் சாரல் ஈரம். லாக்கர் காய்வதற்குள் சிவப்பின்மேல் வெள்ளையாகப் பூத்துவிட்டது. தேய்த்துவிட்டு இரண்டாம் கோட் அடித்தேன். அதுவரை பொருந்திக்கொண்டிருந்த டிக்கி, பெயின்ட்டின் கனத்தில் திறக்க மறுக்கிறது.

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் கத்தரிக்காய் நிறுக்கும் தராசுக்கு அரசு முத்திரை வேண்டும். முத்திரை இல்லாவிட்டால் அபராதம். 1:8 என்பதும் நிறுத்துச் சொன்ன வாக்குத்தானே? ஆகவே தங்களிடம் கேட்பது இவ்வளவுதான். கதவைச் சரியாகச் செய் என்று யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம். அது இயற்பியலோடு சண்டை. பெட்டியின் பக்கவாட்டில், ஊறுகாய் பாட்டிலில் உப்பின் அளவு போடுவதைப்போல, கூரை எத்தனை மில்லி உயரம் கூடியிருக்கிறது, கதவு இடுக்கு எவ்வளவு, எத்தனை டப்பா பட்டி தேவைப்படும் என்று அச்சிடச் சொல்லுங்கள். சோதனைக்குக் கருவி வாங்கச் செலவு வேண்டாம். டிங்கர் தம்பி ஃபீலர் கேஜோடு தில்லிக்கு வரத் தயார். பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னை வரை டிக்கெட்டை அவரே போட்டுக்கொள்வார், மீதியைத் தாங்கள் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேற்படி உரிமையாளர்.

இணைப்பு: இடது கதவு – 1. (வலது கதவு பொருந்திவிட்டது. எப்படி என்று விசாரித்துச் சொல்லவும்.)