கிஜாபேயில் பத்தியம்

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் முதல் பேறுகாலம் அம்மா வீட்டில். ஏழாம் மாதப் பலகாரம், வளையல், போட்டோ எல்லாம் அதற்குத்தான். இரண்டாவது என்றால், "அவளுக்குத் தெரியாததா?" என்று ஊரே தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். நானும் அப்படி ஓர் அமைதியான இரண்டாவது பிரசவத்தைத்தான் எதிர்பார்த்தேன். ஆனால் இருந்த இடம் மிஷனெரிகளுக்கு நடுவில்.

ஊர் கிஜாபே. கென்யாவில், நைரோபியிலிருந்து அறுபது கிலோமீட்டர் சொச்சம். பிளவுப் பள்ளத்தாக்கின் விளிம்பில், ஏழாயிரம் அடி உயரத்தில், காற்று கதவைத் தட்டாமலே உள்ளே வந்து உட்காரும் ஊர். 1915இல் தொடங்கிய மிஷன் ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது. என் கணவருக்கு அங்கே வேலை. பக்கத்திலேயே மிஷனெரிப் பிள்ளைகளுக்கான ரிஃப்ட் வேலி அகாடமி. சிங்க வேட்டைக்கு ஆப்பிரிக்கா வந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் அதற்கு அடிக்கல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இப்போது எங்கள் தெருவில் சிங்கம் இல்லை, குரங்குதான். சொந்த ஊரில் எங்கள் சபையார் மட்டும் இன்றைக்கும் "ஆப்பிரிக்கக் காட்டில் பாடுபடும் பிள்ளைகளை" நினைத்துக் கண்ணீரோடு ஜெபிக்கிறார்கள். நான் திருத்தவில்லை. ஜெபம் எந்தக் காட்டுக்கு வந்தாலும் நல்லதுதானே.

முதலில் ரகசியம். மிஷன் வளாகத்தில் ரகசியத்துக்கு ஜெபக்குறிப்பு என்று பெயர். "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்றால், "சேச்சே, ஜெபத்தில் மட்டும் வைக்கிறேன்" என்பார்கள். என் மாமியாருக்கு நாங்கள் போன் போடுவதற்குள், நான் வரைபடத்தில்கூடப் பார்த்திராத ஏதோ ஓர் ஊர்ச் சபையில் என் வாந்திக்காக ஜெபித்து முடித்திருந்தார்கள்.

அடுத்தது சாமான்கள். பிள்ளை பிறக்குமுன் ஒரு துண்டுத் துணிகூட வாங்கக்கூடாது என்பது மாமியார் கட்டளை. அமெரிக்கப் பெண்களோ ஒரு சனிக்கிழமை கேக் வெட்டி, கூடத்தை நிரப்பிவிட்டுப் போனார்கள். அதில் ஒரு தொட்டில் கட்டில். விடுமுறைக்குச் சொந்த நாடு போகிறவர்கள் விட்டுவிட்டுப் போக, வந்தவர்கள் எடுத்துக்கொள்ள, வீடு வீடாகச் சுற்றி வந்த கட்டில். அதன் கம்பியில் பல தேசத்துப் பிள்ளைகளின் பல்தடம். மாமியாரிடம், "நான் எதுவும் வாங்கவில்லை அத்தை" என்றேன். பொய்யில்லை.

பிள்ளை பிறந்தது. பெண். அன்று மாலையிலிருந்து சாப்பாடு வரத் தொடங்கியது. யார் எந்த நாள் என்று பட்டியல் போட்டிருந்தார்கள். எந்த நாள் என்ன சாப்பாடு என்பதை மட்டும் யாரும் பேசிக்கொள்ளவில்லை. ஆகவே சீஸ் போட்டுச் சுட்ட பாஸ்தா வந்தது. மறுநாளும் அதுவே, வேறு தட்டில். கொரிய அக்கா பெரிய பானையில் கடற்பாசி சூப் கொண்டுவந்தார். அவர்கள் ஊரில் பிள்ளை பெற்றவளுக்கு அதுதான் மருந்து. ஜெர்மன் நர்ஸ் கொடுத்தது சோம்பு போட்டுக் கொதிக்கவைத்த தேநீர், பால் ஊறுவதற்காம். இது நம்ம பாட்டி வைத்தியமாச்சே என்று கொஞ்சம் கண் கலங்கியது.

பிறகு ஷோஷோ வந்தார். பக்கத்து வீட்டுக் கிக்குயு மூதாட்டி. ஊருக்கே பாட்டி என்பதால் எல்லாருக்கும் ஷோஷோ. ஒரு கையில் கேழ்வரகுக் கஞ்சி, மறு கையில் மூடிய பாத்திரம். திறந்தால் கறுப்பாக, ஓரத்தில் வெள்ளைக் கோடு போட்ட பயறு, வாழைப்பழத்தோடு மசித்தது. ஞாஹி என்றார். எந்த வேஷம் போட்டாலும் எனக்குத் தெரியாதா? மொச்சை! பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் ஊரில் வாசனைகூடக் காட்டாத மொச்சை. இங்கே பால் சுரக்க முதல் பத்தியமே அதுதான்.

அந்த நேரம் பார்த்து மாமியார் வீடியோவில் வந்தார்.

"என்னம்மா அது தட்டுல?"

"பயறு, அத்தை."

"என்ன பயறு?"

போனைக் கணவரிடம் கொடுத்துவிட்டேன். அவர் உண்மை பேசுகிறவர். அதுவும் ஒரு குறைதான். மறுநாள் அதிகாலை ஐந்து மணிக்கு மாமியார் வாயுத் தொல்லை பற்றி விரிவாகப் பேசினார். அவருக்கு ஐந்து, எங்களுக்கு இரண்டரை. பரவாயில்லை, பாப்பாவும் விழித்துத்தான் இருந்தாள்.

பாப்பாவைக் கம்பளித் தொப்பி, ஸ்வெட்டர், சால்வையில் பொதியச் சொன்னார் ஷோஷோ. அதிகம் போர்த்தினால் ஆபத்து என்று உருவினார் அமெரிக்க டாக்டரம்மா. தலைக்கு எண்ணெய் வை என்றது திருநெல்வேலி. எண்ணெயே வேண்டாம் என்றது ஜெர்மனி. கொஞ்ச நாளில் எனக்கு ஒன்று புரிந்தது. சொந்த ஊரில் ஒரே ஒரு சட்டம், மீற வழியில்லை. இங்கே ஆளுக்கொரு சட்டம். எதைச் செய்தாலும் ஏதோ ஒரு நாட்டின் பத்தியத்தைச் சரியாகக் கடைப்பிடித்த புண்ணியம்! முதல் பேறுகாலத்தில் கிடைக்காத சுதந்திரம் இது. காலையில் மொச்சை, மதியம் பூண்டுக் குழம்பு, ராத்திரி சீஸ் என்று ராஜாங்கம் நடத்தினேன். பிள்ளைக்கு வாயு பிடிக்கவில்லை. எனக்குத்தான் இடுப்புச் சுற்றளவு பிடித்துக்கொண்டது.

கஞ்சியோடு வந்த அன்றே ஷோஷோ வாசலில் நின்று மூன்று குலவை போட்டிருந்தார். கிக்குயு வழக்கத்தில் ஆணுக்கு ஐந்து, பெண்ணுக்கு மூன்று. (இந்தக் கணக்கில் மட்டும் உலகம் முழுவதும் ஒரே வாத்தியார்.) அதைவிடப் பெரிய பிரச்சினை என் மூத்தவள். "எனக்கு எத்தனை போட்டீங்க?" என்று நின்றாள். அவள் பிறந்தது பாளையங்கோட்டையில், யாரும் போடவில்லை. ஒரே அழுகை. விஷயத்தைக் கேட்ட ஷோஷோ, நான்கு வருட நிலுவையைத் தீர்க்க மறுபடி வாசலுக்கு வந்து மூன்று போட்டார். தூங்கிக்கொண்டிருந்த பாப்பா அலறி எழுந்தாள். மூத்தவளுக்கு இரட்டைச் சந்தோஷம்.

பெயர்தான் மிச்சம். மூத்தவளுக்கு மாமியார் பெயர். இரண்டாவதற்கும் மாமியார் ஒரு பெயர் தயாராக வைத்திருந்தார்: தன்னைப் பெற்றவளின் பெயர். ஷோஷோவோ விசாரணையே இல்லாமல் தீர்ப்புச் சொன்னார்: முதல் பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவள் பெயர், இரண்டாம் பெண்ணுக்கு அம்மாவைப் பெற்றவள் பெயர், அதுதான் முறை. அதாவது என் அம்மா பெயர்! கிக்குயு மரபின் மேல் எனக்கு அந்த நிமிடம் பிறந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

"இது இந்த ஊர் வழக்கம், அத்தை" என்றேன் பணிவாக.

"அந்த ஊரு மொச்சையையும் திங்கச் சொல்லும், பேரையும் வைக்கச் சொல்லுமோ?"

சொன்னது. வைத்த பெயரைப் பதியவும் வேண்டியிருந்தது. பெற்றவர்களில் ஒருவரும் கென்யர் இல்லை என்பதால் கென்யாவில் பிறந்தும் அவள் கென்யக் குடிமகள் இல்லை. இந்தியக் குடியுரிமைக்கு ஒரு வருடத்துக்குள் தூதரகத்தில் பதிய வேண்டும். பாப்பா கண் திறக்காத பல போட்டோக்களுக்குப் பிறகு கண் திறந்த ஒன்று கிடைத்து, நைரோபி போய்ப் பதிந்துவிட்டோம். சான்றிதழில் இருப்பது என் அம்மாவின் பெயர். மாமியார் இதுவரை ஒரு தடவைகூட அந்தப் பெயரைச் சொல்லவில்லை. "பாப்பா" என்றுதான் கூப்பிடுகிறார்.