இரண்டு இன்ச் உயர்ந்த மனிதர்

2023-இல் ஐந்து கதவு மாருதி ஜிம்னி வந்ததும் எங்கள் தெருவில் முதல் ஆளாக வாங்கியவர் எதிர்வீட்டுக்காரர். மூன்றே மாதத்தில் ஸ்பிரிங்கை மாற்றி, இரண்டு இன்ச் தூக்கிவிட்டார். எதற்கு என்றால், "காட்டுக்குள்ள கல்லு தட்டுமுங்க" என்பார். அந்த வண்டி இதுவரை ஏறி இறங்கிய மலை, கோவை பீளமேட்டில் ஒரு வேகத்தடை.

இதில் ஒரு சங்கடம். ஸ்பிரிங் தூக்குவது உடம்பை மட்டும்தான். கல்லில் இடிபடும் டிஃபரன்ஷியல் உருண்டை அச்சோடு சேர்ந்தது. கம்பெனி விட்ட இடத்திலேயே தொங்கும். டயர் பெரிதானால்தான் அது உயரும். இதை ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என்னைக் குட்டைக் கார்க்காரனாகப் பார்க்கிறார். நான் வைத்திருப்பது ஸ்கூட்டர்.

தூக்கிய பிறகு ஸ்டியரிங் அலைபாய்ந்தது. சைக்கிளின் முன்ஃபோர்க் சாய்ந்து நிற்கிறதல்லவா, அப்படியொரு சாய்வு காரின் முன்சக்கரத்துக்கும் உண்டு. காஸ்டர் என்பார்கள். ஒடித்த ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவது அதன் தயவில். வண்டி உயர்ந்தால் அச்சைப் பிடித்திருக்கும் கைகள் சரிந்து அந்தச் சாய்வு குறைந்துபோகும். வைத்தியம்: கையின் சேஸிஸ் முனையைக் கீழே இறக்க ஒரு பிராக்கெட். ஏற்றக் கொஞ்சம் காசு, இறக்கக் கொஞ்சம் காசு. இறக்கிய பிராக்கெட் இப்போது சேஸிசுக்குக் கீழே துருத்திக்கொண்டு நிற்கிறது. கல் வந்தால் அதில் தட்டலாம். அதற்குக் கவசமாக ஒரு தகடு வெட்ட கணபதியில் உள்ள லேத் பட்டறையில் சொல்லி வைத்திருக்கிறார்.

அடுத்து பான்ஹார்டு ராடு, அச்சு பக்கவாட்டில் நகராமல் சேஸிசோடு பிடித்திருக்கும் குறுக்குக் கம்பி. உயரம் கூடினால் அது சரிந்து அச்சையே ஒரு பக்கம் இழுத்துவிடும். அதற்கும் பிராக்கெட் உண்டு. அது தனிக்கதை, போன மாதம் முழுக்க அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டிக்கடியில் சாக்கு விரித்துப் படுத்திருப்பார். பாதம் இரண்டும்தான் வெளியே தெரியும்.

"ஏனுங்க, இட்லி ஆறுதுங்க."

"ஒரே ஒரு போல்ட்டுங்கம்மிணி."

இட்லி வீட்டு நாய்க்குப் போகும். எழுந்து வந்தவர், கழற்றிய பழைய ரப்பர் புஷ்ஷை என் உள்ளங்கையில் வைத்து, "அமுக்கிப் பாருங்க" என்பார். அமுக்குவேன். ரப்பர் மாதிரிதான் இருக்கும். "தெரியுதுங்களா?" தெரிகிறது என்பேன்.

ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதே என்று யாராவது எடுத்தால், சிறுவாணி அணையில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்பார்.

அவருடைய அம்மாவால் மட்டும் அந்த வண்டியில் ஏற முடிவதில்லை. டிக்கியில் ஒரு நீல பிளாஸ்டிக் முக்காலி நிரந்தரமாகப் பயணம் செய்கிறது. பிராக்கெட் இல்லாமல் வேலை செய்யும் ஒரே உதிரிபாகம் அதுதான்.

எப்போதாவது அவர் உங்களை ஏற்றிக்கொண்டு போனால், ஸ்டியரிங் லேசாக இடப்பக்கம் இழுக்கிற மாதிரி இருக்கிறதே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பின்சீட்டில் அம்மா இருப்பார். வண்டி நேரே கணபதிக்குப் போய்விடும்.