சரிவராதார்

திருகோணமலையில் ஒரு பெடியன் புதிதாகத் தொழில் தொடங்கப் போகிறான் என்று கேள்விப்பட்டால், வங்கி முகாமையாளர் அவனைப் பார்ப்பதற்கு முன்பே சரிவராதார் பார்த்துவிடுவார். முகாமையாளராவது பிணைக்கு இரண்டு அரச உத்தியோகத்தரைக் கூட்டிவரச் சொல்லிக் கொஞ்ச நாள் நம்பிக்கையோடு அலையவிடுவார். சரிவராதாரிடம் அந்த இரக்கமும் கிடையாது. ஒரு பிளேன்ரீ ஆறுவதற்குள் தீர்ப்பு வந்துவிடும்: "சரிவராது தம்பி."

ஒழுங்கைக்கு ஒருவர் இப்படி இருக்கிறார். பென்சன்காரர் கூடிய உவர்மலைப் பக்கம் விளைச்சல் சற்று அதிகம். எங்கள் ஒழுங்கைக்காரர் காலையில் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்டவுள்ள தேத்தண்ணிக் கடையில் இருப்பார். பின்னேரம் உட்துறைமுக வீதியில் கடலைப் பார்த்தபடி ஒரு வாங்கில். ஊர்த் தெருக்களில் திரியும் புள்ளிமான்கள் அவருக்குப் பக்கத்தில் வந்து மேயும். அவை ஒருநாளும் அவரிடம் யோசனை கேட்டதில்லை. பல்கிப் பெருகி நன்றாகத்தான் இருக்கின்றன.

அவருடைய பரிசோதனைக்கு ஓர் ஒழுங்குமுறை உண்டு. எடுத்த எடுப்பில் யோசனையைப் பற்றிக் கேட்கமாட்டார். "தம்பி ஆர்ர மகன்?" என்றுதான் தொடங்கும். தகப்பன் யார், பேரன் யார், தாய்வழி நிலாவெளியா மூதூரா என்பதெல்லாம் தீர்ந்தபிறகு, "வெளியில ஆர் இருக்கினம்?" கனடாவில் சித்தப்பா இருக்கிறார் என்றால், "பிறகேன் இஞ்ச நிண்டு மினக்கெடுறாய்?" ஒருவரும் இல்லை என்றால், "பிறகு ஆர் காசு போடுறது?" இரண்டு வாசலையும் அடைத்துவிட்டு, "டெவலப்மென்ற் ஒபிசர் வேலைக்குப் போடேல்லையோ?" என்று மூன்றாவதைத் திறந்துவிடுவார். யோசனை என்ன என்று கேட்கும் கட்டம் இதற்குப் பிறகுதான். பலர் அதற்குள் எழும்பிப் போய்விடுவார்கள்.

மீன் ஆப் கொண்டுவந்த மூன்று பெடியள் எழும்பாமல் இருந்து பார்த்தவர்கள். யாழ்ப்பாணத்தில் 2012 முதல் நடக்கும் யாழ் கீக் சலேஞ்ச் போட்டியைப் பார்த்து உசார் வந்தவர்கள். கரையில் இறங்கும் மீனை இடையில் ஆள் இல்லாமல் கொழும்பு ஹோட்டல்களுக்கு நேரே விற்பது திட்டம். மடிக்கணினியைத் திறந்து வரைபடம், வண்ணம், அம்புக்குறி எல்லாம் காட்டினார்கள். சரிவராதார் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"மீன் நாறும் தம்பி. சரிவராது."

தீர்ப்புச் சரி, காரணம் பிழை. அவருடைய தீர்ப்புகளில் பாதி இந்தச் சாதிதான். பெடியளின் திட்டம் படுத்தது உண்மை, ஆனால் நாற்றத்தால் படுக்கவில்லை. கரைக்கு வரும் மீனில் பெரும்பங்கு கடலில் நீந்தும்போதே விற்றாகிவிட்டது. வலைக்கும் எஞ்சினுக்கும் முதலாளி முற்பணம் கொடுத்திருப்பார். மாரியில் வாடைக் காற்று அடித்துக் கடலுக்கு இறங்க ஏலாத நாட்களில் அடுப்பெரிந்ததும் அவருடைய காசில்தான். பதிலுக்கு மீன் அவருடைய தராசில் ஏறவேண்டும். விலை அவர் சொல்வது. போன் திரையில் கிலோவுக்கு இருநூறு ரூபாய் கூடக் காட்டினால் மீனவர் பார்த்துச் சிரிக்கலாம், வேறொன்றும் செய்யேலாது. மார்கழியில் கடன் கொடுக்க ஓர் ஆள் கிடைத்தால் அவருக்கு அது உதவி. மார்கழியில் கூடுதல் விலை காட்டும் ஆப்பை வைத்து என்ன செய்வது, மீனே இல்லாதபோது? ஒரு நாள் விடிய மீன்வாடியில் போய் நின்று, "போன மாரிக்கு ஆரிட்டக் காசு வாங்கினீங்கள்?" என்று பத்துப் பேரிடம் கேட்டிருந்தால் மூன்று பேரின் ஆறு மாத உழைப்பு மிஞ்சியிருக்கும். பெடியள் வாடிக்குப் போகவில்லை. வாடி தூரம், அதோடு அங்கே மீன் நாறும்.

திமிங்கிலம் பார்க்கப் போட் பதிவுசெய்யும் ஆப் என்று இன்னொருவன் வந்தான். "திமிங்கிலம் உனக்குச் சொல்லிப்போட்டே வரும்?" என்பதோடு அது முடிந்தது. உப்புவெளி, நிலாவெளிக்கு வெள்ளைக்காரர் வருவதே சித்திரை தொடக்கம் புரட்டாதி மட்டும்தான், மிச்ச ஆறு மாதமும் ஆப் எழுதியவன் என்ன சாப்பிடுவான் என்று கேட்டிருந்தால் அவனுக்கும் பயன்பட்டிருக்கும். அவர் கேட்கவில்லை.

நியாயத்துக்குச் சொல்லவேண்டும், ஒரு நல்ல கேள்வி அவரிடம் இருக்கிறது. கிண்ணியாவுக்குப் பாதையில், அதுதான் மிதவைப் படகில், ஏறிப் போன காலம் அவருக்கு நல்ல நினைவு. பாதை வரும்வரை காத்து நிற்கும் சனத்துக்குக் கச்சான் விற்றவர், தேத்தண்ணி ஊற்றியவர் எல்லாரையும் பெயர் சொல்லுவார். 2009இல் 396 மீற்றர் நீளப் பாலம் திறந்தது. காத்து நிற்க ஆளில்லை, கச்சானுக்கும் ஆளில்லை. "உன்ர தொழிலுக்கு மேலால ஒரு பாலம் போட்டால் என்ன செய்வாய்?" என்று அன்று தொட்டுக் கேட்கிறார். கலிபோர்னியாவில் இந்தக் கேள்வியைக் கேட்பதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள். என்ன, இவர் அதைச் சலூன் திறக்க வந்தவனிடமும் கேட்டார். கோழிப்பண்ணை வைத்தவனிடமும் கேட்டார்.

எதிர்க்கதை கதைத்தால் கையைத் துறைமுகத்தை நோக்கி நீட்டுவார். "உலகத்திலயே திறமான இயற்கைத் துறைமுகம். இதையே ஒருத்தரும் நடத்திக் காட்டேல்ல. நீ ஆப் நடத்தப் போறியோ?" போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லாரும் அடிபட்டுப் பிடித்த இடம். 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனது. சீனன்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 கிலோலீற்றர் கொள்ளும். 2003இல் இந்தியன் ஒயில் நிறுவனத்துக்கு 35 வருடக் குத்தகை என்றார்கள். 2022 ஜனவரியில் இரண்டு நாட்டாரும் உட்கார்ந்து, 14 உனக்கு, 24 எனக்கு, மிச்சம் 61 இரண்டு பேருக்கும் என்று போளை பங்கு பிரிப்பதுபோலப் பிரித்தார்கள். சம்பூரில் நிலக்கரி மின்நிலையம் வருகிறது என்றார்கள். 2016இல் அது போய், பிறகு சூரிய மின்சாரம் என்றார்கள். ஒவ்வோர் அறிவித்தலுக்கும் காணித் தரகர் சுறுசுறுப்பாவார்கள். சரிவராதார் மட்டும் அசையாமல் "சரிவராது" என்பார். அவர் இதுவரை பந்தயத்தில் தோற்றதில்லை.

ஆனாலும் துறைமுகத்தின் கதையை அவர் பாதியில் மூடிவைத்துவிட்டார். கொழும்புக்கு இயற்கை பெரிதாக ஒன்றும் கொடுக்கவில்லை. தென்மேல் காற்றுக் காலத்தில் நங்கூரமிட்ட கப்பல் ஆடும் திறந்த கரை அது. என்றாலும் மலைநாட்டுக் கோப்பி அங்கேதான் வந்து இறங்கியது. 1867இல் கண்டிக்கு ரயிலும் ஓடத் தொடங்கியது. சரக்கு கரையில் வந்து குவிந்தபிறகு, 1875இல் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டிக் கடலை மறித்துத் துறைமுகம் கட்டினார்கள். இங்கேயோ கடவுள் கட்டிக் கொடுத்துவிட்டார், சரக்குத்தான் வரவில்லை. சீனன்குடாப் பக்கம் எது ஓடுகிறது என்று பாருங்கள்: பிரீமா மா ஆலை, டோக்கியோ சீமெந்து. ஒன்றுக்குக் கோதுமை, மற்றதற்குக் கிளிங்கர், இரண்டும் பெரிய கப்பலில் வரவேண்டும், கப்பலுக்கு ஆழத் தண்ணீர் வேண்டும். இந்தத் துறைமுகத்தின் ஆழத்தைப் புகழ்ந்தவர்களை எண்ணி முடியாது. அந்த ஆழம் இல்லாமல் தொழில் நடக்காது என்று வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணலாம், அவர்கள்தான் இங்கே சம்பளம் கொடுக்கிறார்கள். இதைச் சரிவராதாரிடம் விளக்கினால், "நீர் பிரீமாவில வேலையோ?" என்பார்.

வெளிநாட்டில் இவர் இனம் இல்லை என்று யாரும் நினைக்கவேண்டாம். 2008இல் ஏயார்பிஎன்பி பெடியள் 150,000 டொலர் கேட்டு ஏழு முதலீட்டாளர்களிடம் போனார்கள். ஐந்து பேர் மறுத்துப் பதில் எழுதினார்கள். இரண்டு பேர் பதிலே போடவில்லை. முன்பின் தெரியாதவன் வீட்டில் காசு கொடுத்துப் படுப்பதா? எங்கள் ஆள் பதிலாவது சொல்லுவார், நேருக்கு நேர், பிளேன்ரீக் காசு நீங்கள் கொடுத்தால். 2015இல் கொழும்பில் போனில் வாகனம் பிடிக்கும் பிக்மீ ஆப் வந்தபோதும் அவருடைய கருத்துத் தயாராக இருந்தது: "றோட்டில நிண்டு கையைக் காட்டினால் ஓட்டோ நிக்கும். அதுக்கேன் போன்?" 2024இல் அந்தக் கம்பனி கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டதைச் சொன்னேன். "கொழும்பு வேற," என்றார்.

இவ்வளவு கறாரான மனிதர் தன் காசை எங்கே போட்டார் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும், அவருக்கு முன்னால் மட்டும் கதைப்பதில்லை. ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் நடந்தது. கோட் போட்ட இளைஞன் ஒருவன், நீங்கள் இரண்டு பேரைச் சேர்த்தால் அவர்கள் நாலு பேரைச் சேர்ப்பார்கள் என்று திரையில் படம் போட்டுக் காட்டினான். பிரமிட் திட்டங்கள் சட்டவிரோதம் என்று மத்திய வங்கி திரும்பத் திரும்ப அறிவித்தல் போட்டிருந்தது. பத்திரிகையை மரண அறிவித்தல் வரை ஒரு வரி விடாமல் வாசிப்பவர்தான் இவர். என்றாலும் பணிக்கொடையில் ஒரு பெரிய துண்டு அங்கே போனது. பரிசோதனை செய்யாமல் கொடுத்தார் என்று சொல்லக்கூடாது. "தம்பி ஆர்ர மகன்?" என்று கேட்டிருக்கிறார். தெரிந்த அதிபர் ஒருவரின் மகன் என்று பதில் வந்திருக்கிறது.

அதற்குப் பிறகுதான் அந்தப் பிள்ளை வந்தாள். கோணேசபுரி வளாகத்தில் படித்து முடித்தவள், கையில் ஒரு சீஆர் கொப்பி. வாங்கில் இருந்தாள், கும்பிட்டாள், யோசனையைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

"ஐயா கிளினிக்குக்கு மாசத்தில எத்தினை தரம் போறனீங்கள்?"

"ஒருக்கா. பிறசருக்கும் சீனிக்கும்."

"விடிய நம்பர் எடுக்க ஆர் போறது?"

"முந்தி நான்தான். இப்ப முழங்கால் ஏலாது பிள்ளை. ஓட்டோக்காரப் பெடியன் ஒருத்தன் அஞ்சு மணிக்குப் போய்க் கொப்பியை வைப்பான்."

"அவருக்கு என்ன குடுக்கிறனீங்கள்?"

"ஐந்நூறு. மேல நூறு தேத்தண்ணிக்கு."

"அவர் வராட்டில்?"

இந்தக் கேள்வியில் மனிதர் உடைந்துவிட்டார். பெடியன் நித்திரையாகிப் போன கதை, மத்தியானம் வரை வெயிலில் நின்ற கதை, கோபத்தில் திரும்பிவந்து பார்மசியில் மூவாயிரத்துக்கு மருந்து வாங்கிய கதை, அதைக் கேட்டு மகள் ஏசிய கதை என்று அரை மணித்தியாலம் போனது. பிள்ளை குனிந்து எழுதிக்கொண்டே இருந்தாள். தான் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதுவது அவருடைய சேவைக்காலத்திலும் நடக்காத காரியம். முடிக்க மனம் வரவில்லை. கடைசியில்தான் ஞாபகம் வந்தது.

"அதுசரி, பிள்ளை ஆர்ர மகள்?"

"அதை விடுங்கோ ஐயா. நான் போய்க் கொப்பியை வைச்சு, உங்கட முறை கிட்டவரேக்க போன் அடிக்கிறன். நீங்கள் வந்து டொக்டரைக் காட்டிப்போட்டு வீட்ட போகலாம். மருந்துக் கியூவில நான் நிண்டு எடுத்துக்கொண்டு வந்து தாறன். எழுநூறு தருவீங்களோ?"

"எழுநூறோ! அறுநூறு."

"அறுநூற்றைம்பது."

"வாற புதன் கிளினிக். பிந்தக் கூடாது, சொல்லிப்போட்டன்."

"காசு முதல் தரவேணும் ஐயா. எல்லாரிட்டையும் அப்பிடித்தான்."

சேட்டுப் பொக்கற்றில் கைவிட்டு எண்ணிக் கொடுத்தார். ஐம்பது ரூபாய் குறைந்தது, என்னிடம் மாறினார். பிள்ளை கொப்பியில் அவர் பெயருக்கு நேரே ஒரு சரி போட்டுவிட்டு, அடுத்த வாங்கில் இருந்த இன்னொரு பென்சன்காரரிடம் போனாள்.

"எப்பிடி அண்ணை, அந்தப் பிள்ளையின்ர ஐடியா?" என்று கேட்டேன்.

"சரிவராது," என்றார். "இதுக்கெல்லாம் ஆர் காசு குடுக்கப் போகினம்?"